மடமும் மதுவும்

பெல்ஜியம் நாட்டுக் கடைகளில் விற்கப்படும் பீர்ப் புட்டிகள் பலவற்றின் மீது ஒரு துறவியின் உருவமோ, ஒரு மடத்தின் கோபுரமோ பொறிக்கப்பட்டிருக்கும். அதன் அருகே பழைய ஆண்டு ஒன்றும் காணப்படும். 'லெஃப்' என்னும் பெயருடைய புட்டியில் 1240 என்று அச்சிட்டிருக்கிறார்கள். அதைப் படிப்பவர், உள்ளே இருக்கும் கரிய பானத்துக்கும் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு வயது என்று எண்ணிக்கொள்வது இயல்பே. அந்த எண்ணம் எவ்வளவு தூரம் பொருந்தும் என்று ஆராய்வதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

மாணவர்களிடம் மதுவைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் ஐயுறக்கூடும். நான் மதுவைத் தொட்டவன் அல்லேன். அதன் சுவையைப் புகழவும் எனக்குத் தகுதி இல்லை. நாவால் ஒப்பிடுவோர் உலகில் ஏராளமாக இருக்கிறார்கள். நான் ஒப்பிட விரும்புவது ஆண்டுகளையும், பெயர்களையும், அவற்றுக்காக எழுந்த வழக்குகளையுமே. வரலாறு பயில்வோருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி எளிதில் கிடைக்காது.

மேலைநாட்டுத் துறவியர் வாழ்வுக்கு ஒழுங்குமுறை வகுத்தவர்களுள் தலையாயவர் பெனடிக்ட் முனிவர். ஆறாம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த அவர், துறவி என்பவன் பிறர் கையை எதிர்பார்த்து உண்ணாமல் தன் கையால் உழைத்து உண்ண வேண்டும் என்று விதித்தார். வரும் விருந்தினரை ஏற்றுப் பேண வேண்டும் என்றும் கூறினார். மதுவைத் துறவியர் அறவே விலக்குவதே நன்று என்பது அவர் உள்ளக்கிடக்கை. ஆனால் தம் காலத்தவரை அதற்கு இணங்கவைக்க இயலாது என்று கண்டு, நாளொன்றுக்குச் சிறிதளவு திராட்சை மதுவுக்கு இசைந்தார். திராட்சை விளையாத வடநாடுகளில் அந்த இடத்தை வாற்கோதுமைப் பீர் பெற்றுக்கொண்டது. பின்னர் 1098-இல் பிரான்சில் சித்தோ என்னுமிடத்தில் இவ்வொழுங்கை இன்னும் கடுமையாகக் கைக்கொள்ளும் சபை ஒன்று எழுந்தது. அச்சபையும் நாளடைவில் தளர்ந்தபோது, 1664-இல் லா திராப் மடத்தின் தலைவர் ரான்சே மீண்டும் அதனைச் சீர்திருத்தினார். அந்த மடத்தின் பெயரால் அவ்வழி வந்தவர்கள் 'டிராப்பிஸ்டுகள்' எனப்பட்டனர்.

இதுவரை எல்லாம் பழமைதான். ஆனால் இங்கே ஒரு பெரும் முறிவு நேர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சி அரசு 1790-இல் துறவியர் சபைகளைக் கலைத்தது. பெல்ஜியப் பகுதியையும் பிரான்சு கைக்கொண்ட பின், அங்கிருந்த மடங்களும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டு விற்கப்பட்டன. 1595 முதலே பீர் வடித்ததாக அறியப்படும் ரோஷ்ஃபோர் மடமும் 1797-இல் அழிவுற்றது. கொப்பரைகள் போயின, வடிக்கும் கை அறிந்த துறவியரும் சிதறினர். ஆகவே இன்று நாம் காணும் மடத்து பீர்களுள் எதுவும் இடைக்கால மரபின் அறுபடாத தொடர்ச்சி அன்று. இதை மறந்துவிட்டால் புட்டியில் அச்சிட்ட ஆண்டு நம்மை ஏமாற்றிவிடும்.

புதிய கதை வெஸ்ட்மாலே என்னும் ஊரில் தொடங்குகிறது. புரட்சிக்குத் தப்பிய டிராப்பிஸ்டுகள் சிலர் 1794-இல் ஆண்ட்வெர்ப் நகருக்கு அருகே வந்து தங்கினார்கள். அந்த இடம் 1836-இல் முழு மடமாக உயர்ந்தது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் துறவியர் தாம் வடித்த பீரை முதன்முறையாக உணவோடு அருந்தினர். அது வலிமை குறைந்த பானம். வலிமை மிக்க கரும்பீர் ஒன்றை அவர்கள் வடிக்கத் தொடங்கியது 1856-இல். இன்று 'டுபெல்', அதாவது இரட்டை, என்று வழங்கும் பீர்வகைக்கு அதுவே மூதாதை; இன்றைய செய்முறை 1926-இல் உறுதிபெற்றது. பேரன் வயதுடைய ஒன்றைப் பாட்டன் என்று நாம் வணங்கி வந்திருக்கிறோம்!

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கடும் கரும்பீர் துறவியரின் அன்றாடப் பானமாக இருந்ததில்லை. வெஸ்ட்மாலேயிலும் ஷிமேயிலும் துறவியர் உணவறைக்கென நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைந்த சாராயச் சத்துள்ள பீர் தனியே உண்டு. கடும்பீர் விற்பனைக்கு உரியது. மடத்தின் வயிற்றுக்கும் அறத்துக்கும் பொருள் ஈட்டித் தருவது.

அதன் கருமை எங்கிருந்து வருகிறது? வறுத்த தானியத்திலிருந்து என்று பலர் நினைப்பர். பெரும்பாலும் அது சர்க்கரையிலிருந்து வருவது. பீட் கிழங்குச் சர்க்கரையைக் கருகும் பதம் வரை காய்ச்சிய பாகினை, வாற்கோதுமைச் சாற்றோடு சேர்த்துக் கொதிக்கவைப்பார்கள். அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் ஏறக்குறைய முழுவதும் உண்டு சாராயமாக்கிவிடும். ஆகவே பானம் கடுமை பெறுகிறது, ஆனால் கூழ்போல் தடிப்பதில்லை. நிறமும் உலர்பழத்தை நினைவூட்டும் மணமும் மட்டும் எஞ்சும். புட்டியில் அடைக்கும்போது மறுபடியும் சிறிது சர்க்கரையும் ஈஸ்டும் இடுவதால், மூடிய புட்டிக்குள் இரண்டாம் முறை நொதித்தல் நிகழ்கிறது. அந்தச் சர்க்கரைக்குப் பிளெமிய மக்கள் இட்ட பெயர் 'காண்டி'. நம் கற்கண்டில் உள்ள 'கண்டு' என்னும் சொல்லும் அதுவும் ஒரே குடும்பத்தவை. பாரசீகர், அராபியர் வழியாக இந்தியச் சொல் ஒன்று நடந்து சென்று பெல்ஜியத்துக் கொப்பரையில் விழுந்திருப்பது ஒரு வேடிக்கை அல்லவா?

இருபதாம் நூற்றாண்டில் இக்கடும்பீர்களுக்குச் செல்வாக்குப் பெருகியதற்கு ஒரு சட்டமும் காரணம். 1919-இல் வாண்டர்வெல்டே என்னும் அமைச்சரின் முயற்சியால், பெல்ஜியத்துப் பொது மதுக்கடைகளில் வடிசாராயம் பரிமாறுவது தடை செய்யப்பட்டது. தொழிலாளர் குடும்பங்களைக் காப்பதே அதன் நோக்கம். ஆனால் கடுமையை நாடியவர் அதைப் பீரில் தேடினர். வடிப்போரும் அத்தேவைக்கு இணங்கினர். அச்சட்டம் 1983 வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. ஒரு கதவை அடைத்தால் நீர் எந்தப் பக்கம் பாயும் என்பதைச் சட்டம் இயற்றுவோர் எப்போதும் அறிவதில்லை.

இனி, புகழ்பெற்ற சிலவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். வெஸ்ட்மாலேயின் இரட்டை நூற்றுக்கு 7 பங்கு சாராயம் உடையது. ஷிமே மடத்தின் நீலமூடிப் பீர் 9 பங்கு உடையது. 1948-இல் கிறிஸ்துமஸ் திருநாளுக்கென முதலில் வெளிவந்தது. போருக்குப் பின் அம்மடத்துத் தியடோர் அடிகளும், லூவன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ழான் தெ கிளெர்க்கும் சேர்ந்து நல்ல ஈஸ்ட் இனத்தைப் பிரித்தெடுத்ததன் பயன் அது. துறவியின் பொறுமையும் ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கியும் இங்கே கைகோத்தன. மறைந்துபோன இடைக்கால இரகசியம் எதுவும் இதில் இல்லை. ரோஷ்ஃபோர் மடத்தில் 6, 8, 10 என எண்ணிட்ட மூன்று உண்டு. வெஸ்ட்வ்லெட்டெரன் மடத்தில் 12 என்னும் எண்ணுடைய ஒன்று உண்டு. அது 1940-இல் தோன்றியது. எண் பெரிதானால் கடுமையும் பெரிது என்று நினைப்பீர்கள். ரோஷ்ஃபோரின் 10-இல் 11.3 பங்கு சாராயம். வெஸ்ட்வ்லெட்டெரனின் 12-இல் 10.2 பங்குதான். இது எப்படி? அந்த எண்கள் சாராயத்தின் அளவு அல்ல. நொதிக்குமுன் சாறு எவ்வளவு செறிவாக இருந்தது என்று காட்டும் பழைய பெல்ஜியக் கணக்கிலிருந்து வந்தவை. கணக்கு வழக்கொழிந்தது; எண் பெயராக நின்றுவிட்டது. இவ்வகை முழுவதையும் இன்று பலர் 'குவாட்ரபெல்', அதாவது நான்மடங்கு, என்று அழைக்கிறார்கள். அந்தப் பெயரோ 1991-இல் நெதர்லாந்துத் துறவியர் ஒரு பீருக்கு இட்டது!

வயதைப் பற்றிய மயக்கம் இவ்வளவு என்றால், பெயரைப் பற்றிய மயக்கம் இன்னும் பெரிது. மடத்தின் பெயருக்கு விலை உண்டென்று வணிகர் கண்டுகொண்டனர். முன்னே கூறிய லெஃப், 1152-இல் நிறுவப்பட்ட மடத்தின் பெயரே. அந்த மடம் 1952-இல் ஒரு வணிகருக்கு உரிமம் தந்தது. இன்று அது லூவன் நகரத்துப் பெரும் ஆலையில் உருவாகிறது. மடத்துக்குப் பெயர் உரிமைப் பணம் சேர்கிறது. இதில் குற்றம் காண நான் முற்படவில்லை. மடத்தின் ஒப்புதலோடு நடப்பதுதான். ஒப்புதலே இல்லாமல் 'டிராப்பிஸ்டு' என்று எழுதி விற்றவர்களும் இருந்தார்கள். வழக்கு மன்றம் ஏறியது. கென்ட் நகர வணிக நீதிமன்றம் 1962-இல், துறவியர் அல்லாதோர் அப்பெயரைப் பயன்படுத்துவது நேர்மையற்ற போட்டி என்று தீர்த்தது. 1997-இல் மடங்கள் எட்டு ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தன. அறுகோண முத்திரை ஒன்றை வகுத்தன. மடத்தின் எல்லைக்குள் வடிக்க வேண்டும். துறவியர் மேற்பார்வை வேண்டும். துறவியர் பிழைப்புக்கும் மடத்தின் பராமரிப்புக்கும் போக மிஞ்சுவது அறத்துக்குச் செல்ல வேண்டும். பானத்தின் நிறத்தையோ சுவையையோ பற்றி அந்த விதிகளில் ஒரு சொல்லும் இல்லை.

இவ்விதியின் கூர்மை வெஸ்ட்வ்லெட்டெரன் வரலாற்றில் நன்கு விளங்கும். போருக்குப் பின் அந்த மடத்தார், வணிகப் பெருக்கம் தம் தவத்துக்கு ஆகாது என்று கருதி, 1946-இல் அருகிலுள்ள வாட்டோ ஊரின் பாலாடைக்கட்டி ஆலைக்காரருக்குத் தம் பீரை வடித்து விற்க உரிமம் அளித்தனர். உரிமம் 1992-இல் முடிந்தது. மதிலுக்கு வெளியே வடித்ததை இனி மடத்துப் பீர் எனல் ஆகாது என்பதே காரணம். வாட்டோவில் அதன் வழித்தோன்றல் 'செயின்ட் பெர்னார்டஸ்' என்னும் பெயரில் தொடர்கிறது. ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு. ஒன்று மடத்தது, மற்றது அன்று.

2005-இல் பீர் ஆர்வலர் பலர் வாக்களித்து வெஸ்ட்வ்லெட்டெரன் 12-ஐ உலகிலேயே சிறந்தது என்றனர். மடத்து வாயிலில் வண்டிகள் மைல் கணக்கில் நின்றன. நெடுங்காலம் முத்திரைத் தாள்கூட ஒட்டாமல், மூடியின் நிறத்தையே அடையாளமாகக் கொண்ட புட்டி அது! வணிகன் எனில் மறுநாளே இரண்டாம் ஆலை எழுப்பியிருப்பான். துறவியரோ உற்பத்தியைப் பெருக்க மறுத்தனர். மடத்தின் கட்டடத்தைப் புதுப்பிக்கப் பணம் வேண்டியிருந்தபோது மட்டும், 2011-இலும் 2012-இலும் கடைகள் வழியே ஒரு தொகுதியை விற்றனர். வேண்டிய பணம் வந்ததும் நிறுத்திக்கொண்டனர்.

சந்தையை மறுக்கும் ஆற்றல் இருந்தும், ஒன்றை மட்டும் மடங்களால் மறுக்க இயலவில்லை. துறவு மேற்கொள்ளும் இளைஞர் தொகை குறைந்துகொண்டே வருகிறது. ஆகெல் மடத்தைப் பாருங்கள். வெஸ்ட்மாலே துறவியர் 1846-இல் அங்கே குடியேறினார்கள். 1887-இல் பாழாய்க் கிடந்த ரோஷ்ஃபோர் மடத்துக்கு மீண்டும் உயிரளிக்கத் துறவியரை அனுப்பும் அளவுக்கு அது வளர்ந்திருந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் அதன் செப்புக் கொப்பரைகளைப் பெயர்த்துச் சென்றனர். எண்பது ஆண்டு கழிந்து, 1998-இல் வெஸ்ட்மாலேயிலிருந்தும் ரோஷ்ஃபோரிலிருந்தும் வந்த துறவியரின் துணையோடு அங்கே மறுபடியும் பீர் வடிக்கத் தொடங்கினர். 2021-இல் கடைசித் துறவியரும் அவ்விடம் விட்டு நீங்கினர். உடனே அறுகோண முத்திரை புட்டியினின்று நீங்கியது. கொப்பரை அதுவே, நீரும் அதுவே, செய்முறையும் மாறவில்லை. 2023-இல் அந்த மடம் தனியார் கைக்கு விற்கப்பட்டது.