பியானோவும் ஒரு வரைபடமும்



"பம்ப், வால்வு என்று ஆரம்பிச்சுடாதே" என்ற நிபந்தனையோடுதான் மலர்க்குழு என்னிடம் கட்டுரை கேட்டது. சரி, பியானோ! ஆனால் மெக்கானிக்கல்காரன் கண்ணுக்கு அதுவும் ஒரு மெஷின்தான். 88 கட்டைகள், சுமார் 230 கம்பிகள். பெரிய பியானோவில் அத்தனை கம்பிகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு ஏறக்குறைய 20 டன்!

பியானோ வருவதற்கு முன் ஐரோப்பாவில் ஹார்ப்சிகார்ட், கிளாவிகார்ட் என்று இரண்டு வாத்தியங்கள் இருந்தன. முன்னதில் இறகின் காம்பு கம்பியைச் சுண்டும். மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் சத்தம் ஏறத்தாழ ஒன்றுதான். பின்னதில் பித்தளைத் துண்டு கம்பியைத் தட்டி அங்கேயே அழுத்தி நிற்கும். விரலுக்கேற்ப ஒலி ஏறி இறங்கும். ஆனால் சபைக்குக் கேட்காது.

சுத்தியலால் அடிக்க வேண்டியதுதானே என்பீர்கள். அங்கேதான் சிக்கல். கோயில் மணியை அடித்துவிட்டு நாக்கை அப்படியே அழுத்திப் பிடித்துப் பாருங்கள். 'டொக்' என்று அடங்கிவிடும். சுத்தியல் தொட்ட கணமே விலக வேண்டும். விரலோ இன்னும் கட்டையை அழுத்திக்கொண்டிருக்கிறது!

இதற்கு வழி கண்டவர், இத்தாலியின் ஃபிளாரன்ஸில் மெடிச்சி இளவரசரின் வாத்தியங்களைப் பராமரித்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி. கட்டை சுத்தியலை மேலே எறியும். கம்பியைத் தொடுமுன் பிடியை விட்டுவிடும். சுத்தியல் வந்த வேகத்திலேயே போய் அடித்துவிட்டுத் திரும்பும். இதுதான் எஸ்கேப்மென்ட். 1700-ஆம் ஆண்டு அரண்மனைப் பட்டியலிலேயே இந்த வாத்தியம் இருக்கிறது. அவர் செய்தவற்றில் மூன்று இன்றும் நியூயார்க், ரோம், லைப்ஸிக் நகரங்களில் உள்ளன.

சொந்த ஊரில் பெரிய வரவேற்பில்லை. சத்தம் மந்தம் என்று குறை சொன்னார்கள். ஆனால் 1711-இல் ஷிப்பியோனே மாஃபெய் என்ற எழுத்தாளர், உள்ளமைப்பின் வரைபடத்தோடு ஒரு கட்டுரை வெளியிட்டார். 1725-இல் அது ஜெர்மன் மொழியில் வந்தது. அடுத்து அங்கே காட்ஃப்ரீட் ஸில்பர்மன் பியானோ செய்யலானார். வாசித்துப் பார்த்த பாக், கட்டை கனம், மேல் ஸ்தாயி பலவீனம் என்று சொல்லிவிட்டார். ஸில்பர்மனுக்குக் கோபம்தான், ஆனாலும் மனுஷன் விடாமல் திருத்தி, பின்னர் அதே பாக்கின் பாராட்டைப் பெற்றார்.

பிறகு வேகம்தான். 1821-இல் எரார்ட், கட்டை முழுதும் எழும்புமுன் மறுபடி அடிக்க வழிசெய்தார். 1825-இல் பாஸ்டனின் பாப்காக், ஒரே வார்ப்பில் இரும்புச் சட்டம் கொண்டுவந்தார். 1859-இல் ஸ்டெயின்வே, கிராண்ட் பியானோவில் கம்பிகளைக் குறுக்காகப் போட்டுக் காப்புரிமை பெற்றது. கிராண்டில் சுத்தியல் தன் எடையாலேயே கீழே விழும். வீட்டுச் சுவரோரம் நிற்கும் அப்ரைட்டில் சுத்தியல் பக்கவாட்டில் போவதால், திரும்ப ஸ்பிரிங் போன்ற உதவி வேண்டும். ஆகவேதான் வேகமான வாசிப்புக்கு கிராண்ட் ஒரு படி மேல்.

இவ்வளவுக்கும் நடுவில் என் மனதில் நிற்பது அந்த 1711 வரைபடம்தான். நம்மில் எத்தனை பேர் ஷாப் ஃப்ளோரில் அருமையான ஜிக், ஃபிக்ஸ்ச்சர் செய்துவிட்டு, தாளில் ஒரு கோடுகூடப் போடாமல் வேறு கம்பெனிக்குப் போயிருக்கிறோம்! வரைந்து, தேதி போட்டு, பின்னால் வரும் பிள்ளைகளிடம் கொடுங்கள். எந்த ஊரில் எந்த ஸில்பர்மன் காத்திருக்கிறானோ, யார் கண்டது?