எண்ணெயிலிருந்து எண்ணுக்கு

நண்பர் ஒருவர் போன வாரம் மிகுந்த மனத்தாங்கலோடு வந்தார். அவருடைய பிள்ளை பெட்ரோலிய எஞ்சினீயரிங் படித்து நல்ல உத்தியோகத்தில் இருந்தவன். இப்போது அதை உதறிவிட்டு, 'டேட்டா சயின்ஸ்' என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டானாம்.

"எண்ணெய்க் கிணற்றுக்கும் இதற்கும் ஸ்நானப் பிராப்தியாவது உண்டா, ஸார்?" என்றார்.

உண்டு என்று சொல்லி, ழான் மோர்லே என்ற பிரெஞ்சுக்காரரின் கதையை எடுத்தேன். கல்லூரிக் கணக்கை இரண்டே வருஷத்தில் தலைமுழுகியவன் நான். இதைச் சொல்லப் புகுந்தது துணிச்சல்தான். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

1931-ல் பிறந்த மோர்லே, எக்கோல் பாலிடெக்னிக்கில் படித்து, எல்ஃப் அக்கித்தேன் என்ற எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தவர். எண்ணெய் என்றதும் நமக்கு இரும்புக் கோபுரமும் கறுப்புச் சேறும்தான் நினைவுக்கு வரும். அதெல்லாம் நாடகத்தின் கடைசி அங்கம். முதலில் பூமியைத் தட்டிப் பார்க்கிறார்கள், கடையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பது போல! தரையில் ஓர் அதிர்வை உண்டாக்கினால், அது கீழே போய்ப் பாறை அடுக்குகளில் மோதி, எதிரொலியாகத் திரும்புகிறது. மேலே வரிசையாக வைத்த கருவிகள் அதைப் பதிவு செய்கின்றன. ஆக, எண்ணெய் தேடுகிறவர் பார்ப்பது எண்ணெயை அல்ல. நெளிநெளியான கோடுகளையும் எண்களையும்தான். நண்பரின் பிள்ளை ஒன்றும் புதுத் தெருவுக்குக் குடிபோய்விடவில்லை.

அந்தக் கோடுகளை அலசுவதற்கு அப்போது இருந்த முறையில் ஒரு கோளாறு இருந்தது. அலையைத் துண்டு துண்டாக்கித்தான் ஆராய்வார்கள். ஆனால் எல்லாத் துண்டும் ஒரே நீளம். எறும்பையும் யானையையும் ஒரே ஜன்னல் வழியாகப் பார் என்றால் எப்படி? மோர்லே ஜன்னலையே சுருக்கவும் நீட்டவும் செய்தார். வேகமான அதிர்வுக்குக் குட்டை ஜன்னல், மந்தமான அதிர்வுக்கு நீள ஜன்னல். அந்தக் குட்டி அலைகளுக்கு 'ஒந்தலெத்' என்று பெயர். தமிழில் சிற்றலை எனலாம்.

சகாக்கள் நம்பவில்லை. இது நிஜமானால் இத்தனை நாள் யாருக்கும் தெரியாமலா இருந்திருக்கும் என்பது அவர்கள் கட்சி. (எந்த ஆபீஸில்தான் இந்த வாதம் கேட்கவில்லை?) மோர்லே விடவில்லை. பழைய சகமாணவர் ஒருவர் வழிகாட்ட, மார்செய் நகரில் அலெக்ஸ் கிராஸ்மன் என்ற பௌதிக விஞ்ஞானியைப் போய்ப் பார்த்தார். 1984-ல் இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை வெளிவந்தது. நகல் எடுக்கும் யந்திரத்தருகே நின்றபோது இந்தச் சங்கதி காதில் விழுந்த கணித மேதை ஈவ் மேயர், உடனே மார்செய்க்கு ரயில் ஏறிவிட்டார். 1988-ல் இங்கிரிட் டோபஷீ இன்னும் கைக்கு அடக்கமான சிற்றலைகளை உண்டாக்கினார். 1993-ல் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., மலையாய்க் குவிந்த விரல் ரேகைகளைக் கம்ப்யூட்டரில் சுருக்கி வைக்க இந்த முறையையே கைக்கொண்டது.

மேயருக்கு 2017-ல் ஆபெல் பரிசு கிடைத்தது. மோர்லே அதற்குப் பத்து வருஷம் முன்பே, 2007-ல், காலமாகிவிட்டார். அத்தனை வருஷப் பாடுபட்டதற்குக் கம்பெனியில் அவர் கண்ட வெகுமதி, முன்கூட்டியே ஓய்வு என்பதுதான் என்று அவரோடு சேர்ந்து கட்டுரை எழுதிய ஒருவர் 1997-ல் நொந்துகொண்டார்.

நண்பர் எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டார். பிறகு மெதுவாக, "பென்ஷனாவது முழுசாகக் கொடுத்தார்களாமா?" என்றார்.