குருதி முன்னுரைக்கும் செய்தி

கந்தளாய்க் குளத்து நீர் வாய்க்கால்வழி நெடுந்தூரம் வந்தே தம்பலகாமத்து வயல்களை அடைகின்றது. வண்டல் மிகுந்தால் வாய்க்கால் தூரும்; தூர்ந்தால் கடைவயல் வாடும். இதயத் தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகளின் நிலையும் அத்தகையதே. வாய்க்கால் தூர்வதை உழவன் கண்ணாற் காண்பான். நாடி தூர்வதை முன்கூட்டி அறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1913 ஆம் ஆண்டில் ருசிய அறிஞர் அனிச்கோவ், சூரியகாந்தி எண்ணெயிற் கரைத்த கொலஸ்ட்ரோலை முயல்களுக்கு ஊட்டினார். அவற்றின் நாடிச் சுவர்களிற் கொழுப்புப் படிந்தது. முயலிற் கண்டது மனிதனுக்கும் பொருந்துமோ என்ற ஐயம் நெடுங்காலம் நிலவிற்று. 1948 இல் அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் என்னும் ஊரில் 5,209 ஆண்களையும் பெண்களையும் மருத்துவர்கள் தொடர்ந்து பரிசோதிக்கலாயினர். நோய் வந்தபின் காரணம் தேடாது, வருமுன்னரே குருதியை அளந்து காத்திருந்தமையே அம்முயற்சியின் சிறப்பு. கொலஸ்ட்ரோலும் குருதியமுக்கமும் மிகுந்தோரிடம் இதயநோய் கூடுதலாகத் தோன்றுவதை 1961 இல் வெளியான அறிக்கை காட்டிற்று.

தேடல் அத்துடன் நிற்கவில்லை. உண்ட உணவு உடலில் மாற்றமுறுகையில் அனுசேபப் பொருட்கள் பல தோன்றிக் குருதியிற் கலக்கின்றன. அவற்றுள் திரைமெதைலமீன் ஒட்சைட்டு என்பது இதயநோயோடு தொடர்புற்றிருப்பதை 2011 இல் கிளீவ்லாந்து ஆய்வாளர்கள் கண்டனர். முட்டை, இறைச்சி முதலியவற்றின் சத்தினைக் குடலில் வாழும் பற்றீரியாக்கள் மாற்ற, ஈரல் அதனை இப்பொருளாக ஆக்குகின்றது. 4,007 நோயாளரை மூன்றாண்டுகள் கவனித்து 2013 இல் வெளியிட்ட ஆய்வில், இப்பொருள் மிகுந்தோர்க்கு மாரடைப்பும் மரணமும் கூடுதலாக நேர்ந்தமை புலனாயிற்று.

ஆயின், அதே பொருள் கடல்மீனில் இயல்பாகவே உண்டு. திருகோணமலைக் கடல்மீனை உண்டவர் குருதியிலும் அது சிறிது நேரம் உயரும். அதுகொண்டு மீனை நஞ்செனத் தள்ளுதல் தவறாகும். நோயை முன்னறிவிக்கும் குறி வேறு. நோய்க்குக் காரணம் வேறு.

நமக்கு இவ்வாராய்ச்சி ஏன்? இலங்கை உள்ளிட்ட தென்னாசிய நாடுகளில் முதல் மாரடைப்பு சராசரி 53 வயதிலும், ஏனைய நாடுகளில் ஏறத்தாழ 59 வயதிலும் நேர்வதை 2007 இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. புகைத்தல், நீரிழிவு, குருதிக் கொழுப்பு ஆகிய நாமறிந்த காரணிகளே இவ்வேறுபாட்டைப் பெரிதும் விளக்கின. ஆறாண்டு என்பது ஒரு குடும்பத்துக்குச் சிறு காலமன்று. புதிய குறிகளை அறிஞர் ஆராய்ந்து தெளியட்டும்; பழைய குறிகளை அளந்தறிய நாம் காத்திருக்க வேண்டுவதில்லை. பயிர் வாடியபின் வாய்க்காலை வெட்டும் உழவன் நம் ஊரில் இல்லை.