உச்சியில் கிடைக்கும் சிக்னல்

கிளேர் ஒரு குட்டிப் பறவை. லீவுக்கு மே அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒரு முக்கியமான போன் வரவேண்டும். ஆனால், அந்தக் காட்டில் சிக்னல் ஏது? ‘மலை உச்சிக்குப் போனால்தான் கிடைக்கும்’ என்கிறாள் அத்தை. கிளம்பிவிட்டாள் கிளேர்.

பாட்டி சொன்ன கதை என்று நினைத்துவிடாதீர்கள். இது 2019-ல் வெளிவந்த ‘எ ஷார்ட் ஹைக்’ என்ற வீடியோ கேம்! வீடியோ கேம் என்றதும் துப்பாக்கியும் ரத்தமும் உங்கள் நினைவுக்கு வந்தால் அது உங்கள் தப்பில்லை. பல ஆட்டங்கள் அப்படித்தான். இதில் எதிரி கிடையாது. உயிர் போகாது. சீக்கிரம் சீக்கிரம் என்று யாரும் விரட்டவும் மாட்டார்கள். வழியில் ஒரு முயல் தலைப்பட்டையைத் தொலைத்துவிட்டு நிற்கும். தேடிக் கொடுக்கலாம். மீன் பிடிக்கலாம். தங்க இறகுகள் சேர்க்கலாம். இறகு கூடக் கூட இன்னும் உயரமாக ஏறலாம். அவ்வளவுதான் ஆட்டமே!

இந்தச் சாதுவான ஆட்டத்தின் பூர்வீகத்தைத் தேடிப் போனால், அது நம்மை ஒரு குகை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருக்கிறது மாமத் குகை. உலகிலேயே மிக நீளமான குகை. இதுவரை அளந்ததே 600 கிலோமீட்டருக்கு மேல். அதற்குள் தவழ்ந்து தவழ்ந்து வரைபடம் போட்டவர்களில் வில் க்ரௌதரும் அவர் மனைவி பாட்டும் உண்டு. பக்கத்திலிருந்த ஃபிளின்ட் ரிட்ஜ் குகையும் இதுவும் உள்ளுக்குள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன என்று 1972-ல் கண்டுபிடித்த குழுவில் பாட் இருந்தார். க்ரௌதரோ கம்ப்யூட்டர்காரர். இன்டர்நெட்டின் தாத்தாவான ‘அர்ப்பாநெட்’டை உருவாக்கியவர்களில் ஒருவர்.

பிறகு இருவருக்கும் விவாகரத்து ஆனது. மனைவி பிரிந்தார். சேர்ந்து சுற்றிய குகையும் போனது. எல்லாவற்றையும்விட, இரண்டு மகள்களோடு இருக்கும் நேரம் குறைந்துபோனது. அந்த அப்பா என்ன செய்தார் தெரியுமா? 1975-76 வாக்கில், தன் நினைவிலிருந்த குகையைக் கம்ப்யூட்டருக்குள் கட்டினார், மகள்கள் வந்தால் விளையாடட்டும் என்று! படம் கிடையாது. எல்லாம் எழுத்துதான். ‘வடக்கே போ’, ‘விளக்கை எடு’ என்கிற மாதிரி டைப் அடித்தால், அடுத்து எங்கே நிற்கிறீர்கள் என்று அது சொல்லும். 1977-ல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டான் வுட்ஸ் அதை விரிவாக்கினார். ஆட்டத்தின் பெயர் ‘அட்வென்ச்சர்’. ‘அட்வென்ச்சர் கேம்’ என்று இன்று நாம் சொல்லும் வகைக்கே பெயர் வந்தது இதிலிருந்துதான். பின்னாளில் டென்னிஸ் ஜெர்ஸ் என்ற பேராசிரியர் க்ரௌதரின் மூல நிரலைத் தேடியெடுத்து, நிஜக் குகைக்குள் இறங்கி ஒப்பிட்டுப் பார்த்தார். பல இடங்கள் நிஜமாகவே அங்கே இருந்தன!

சரி, மிருகங்கள் எப்போது உள்ளே வந்தன? வேறு ஆட்டங்களில் முன்பே உண்டு. ஆனால், சண்டை போடாமல் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களாக அவை மனதில் இடம்பிடித்தது ஜப்பானில். சீபாவிலிருந்து கியோட்டோவுக்கு நின்டென்டோ கம்பெனி வேலைக்காக வந்தவர் கட்சுயா எகுச்சி. சொந்தபந்தம், சிநேகிதர்கள் எல்லாம் ஊரோடு. அந்தத் தனிமையும், வீட்டில் இருப்பவர்களோடு நேரம் செலவிட முடியாத ஏக்கமும்தான் விதை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2001-ல் வந்தது ‘அனிமல் கிராஸிங்’. மிருகங்கள் குடியிருக்கும் ஒரு கிராமம். வீட்டில் ஒருவர் பகலில் விளையாடலாம், இன்னொருவர் ராத்திரி. ஒருவர் வைத்துவிட்டுப் போன கடிதத்தை மற்றவர் வந்து படிக்கலாம்.

குகை கட்டிய அப்பாவுக்கும் கிராமம் கட்டிய எகுச்சிக்கும் ஒரே நோய்தான். தூரம்!

இப்போது கிளேரிடம் திரும்புவோம். அவளைப் படைத்தவர் ஆடம் ராபின்சன்-யூ, கனடாக்காரர். பெரிய ஆட்டம் ஒன்றைச் செய்ய ஆரம்பித்து, அது இழுத்துக்கொண்டே போக, அலுத்துப்போய் ஓரமாக வைத்துவிட்டு, சில மாதங்களில் இந்தச் சின்ன ஆட்டத்தை முடித்தார். இசை மட்டும் மார்க் ஸ்பார்லிங். 2020 மார்ச்சில், சுயாதீன வீடியோ கேம்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் உச்சப் பரிசு இதற்குத்தான். ஆனால், மேடையில் ஏறிக் கைதட்டு வாங்க முடியவில்லை. கொரோனா! விழாவே கம்ப்யூட்டர் திரையில்தான் நடந்தது. அதே மாதம் வெளியானது ‘அனிமல் கிராஸிங்: நியூ ஹொரைசன்ஸ்’. ஆறே வாரத்தில் 1 கோடியே 34 லட்சம் பிரதிகள் விற்றன. வீட்டுக்குள் அடைபட்ட ஜனங்கள், நேரில் பார்க்க முடியாத மனிதர்களை அந்தத் தீவுகளில் போய்ப் பார்த்தார்கள். ஒரு தனியாளின் ஏக்கம் அந்த வருஷம் ஊர் உலகத்துக்கே பொதுவாகிப் போனது.

கிளேர் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தாளா? சேர்ந்தாள். போன் அடிக்கிறது. மறுமுனையில் அம்மா. அம்மாவுக்கு அன்று ஆபரேஷன். நல்லபடியாக முடிந்துவிட்டது. வழியெல்லாம் மீன் பிடித்து, முயலோடு பேசி, அந்தப் பெண் எதை மறக்கப் பார்த்தாள் என்பது அப்போதுதான் நமக்கே புரிகிறது.

பிறகு என்ன? உச்சியிலிருந்து சிறகை விரித்து மிதந்தபடியே அத்தை வீட்டுக்குத் திரும்பலாம். ஏறத்தான் அவ்வளவு நேரம். இறங்க சில நிமிஷம் போதும். அம்மா நல்லா இருக்காங்களே!