வகுப்பை நிறுத்தியது அவர்கள். பணத்தை இழப்பது நாமா?

நோன்பு விடுமுறை, ஆகஸ்ட் விடுமுறை என்று பாடசாலைகள் மூடப்பட்டதும் நீச்சல், கராத்தே, ஆங்கிலப் பேச்சு, ரோபோட்டிக்ஸ் என வகுப்பு விளம்பரங்கள் வட்ஸ்அப் குழுக்களை நிரப்பிவிடுகின்றன. முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே செலுத்தினால்தான் பிள்ளைக்கு இடம். ஆசிரியர் வரவில்லை, பிள்ளைகள் போதவில்லை என்று வகுப்பு நின்றுபோனால் அந்தப் பணம் என்னாவது? "செலுத்திய கட்டணம் மீளளிக்கப்பட மாட்டாது" என்று பற்றுச்சீட்டில் அச்சிட்டிருப்பதைக் காட்டியதும் பெற்றோர் பலர் பேசாமல் திரும்பிவிடுகிறார்கள். அப்படித் திரும்ப வேண்டியதில்லை.

யார் நிறுத்தியது?

முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்று நாமாக விலகினால் அந்த நிபந்தனை நமக்கு எதிராக நிற்கக்கூடும். நடத்துபவரே நிறுத்தினால் விடயம் வேறு. அங்கே ஒப்பந்தத்தை மீறியவர் அவர். தான் ஒப்புக்கொண்டதைச் செய்யாமல் விட்டுவிட்டு, தான் அச்சிட்ட வரியையே கேடயமாகப் பிடிப்பதற்கு 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. அந்த நியதி நியாயமானதா என்ற கேள்விக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

மழையால் தவறிய ஒரு வகுப்பை மறுவாரம் நடத்தித் தந்தால் அது நியாயமே. ஆனால் மூன்று மாதம் கழித்து, வேறு நேரத்தில், வேறு ஆசிரியரிடம் வாருங்கள் என்றால் ஏற்றே ஆக வேண்டும் என்றில்லை.

எங்கே முறையிடுவது?

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் பொருட்களுக்கு மட்டுமல்ல, சேவைகளுக்கும் உரியது. நுகர்வோரை ஏமாற்றும், தவறாக வழிநடத்தும் நடத்தையை அதன் 30ஆம் பிரிவு தடைசெய்கிறது. 13ஆம் பிரிவின் கீழ் முறைப்பாட்டை எழுத்தில், மூன்று மாதங்களுக்குள் செய்ய வேண்டும். விசாரணையின் பின் இழப்பீடு வழங்குமாறு உத்தரவிடவும் சபைக்கு அதிகாரம் உண்டு. தொலைபேசி இலக்கம் 1977. "அடுத்த மாதம் பார்ப்போம்" என்ற பதிலை நம்பிக் காத்திருப்பவர்கள் இழப்பது இந்த மூன்று மாதங்களைத்தான்.

இன்னொரு வழி மத்தியஸ்த சபை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த இச்சபைகளில் சட்டத்தரணி வைக்கத் தேவையில்லை. சிறிய தொகைப் பிணக்குகளுக்கு இதுவே பொருத்தமான இடம்.

செய்ய வேண்டியவை

1. பற்றுச்சீட்டு, வங்கி வைப்புச் சீட்டு, விளம்பரம், வகுப்பு நிறுத்தப்பட்டதாக வந்த செய்தி எல்லாவற்றையும் பாதுகாத்து வையுங்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டத்தின்படி வட்ஸ்அப் செய்தியும் சான்றாகலாம்.

2. நடந்த வகுப்புகளைக் கழித்து மீதியைக் கணக்கிடுங்கள். என் மகளின் நீச்சல் பயிற்சிக்குப் பத்து வகுப்புகளுக்கென 15,000 ரூபா செலுத்தியிருந்தேன். நான்கோடு நிறுத்திவிட்டார்கள். நான் கேட்டது ஆறு வகுப்புகளுக்கான 9,000 ரூபாவை மட்டுமே.

3. கேட்பதை எழுத்தில் கேளுங்கள். தொகை, காரணம், 14 நாள் போன்றதொரு காலக்கெடு ஆகியவை அதில் இருக்கட்டும். எனக்கு முதலில் கிடைத்தது "அடுத்த தவணையில் கழித்துக்கொள்ளலாம்" என்ற பதில். அதிகார சபைக்கு எழுதப்போவதாகக் கடிதத்தில் குறிப்பிட்ட பின்னரே பணம் வந்தது.

4. காலக்கெடு கடந்தால், மூன்று மாதம் முடியுமுன் முறைப்பாட்டைக் கையளியுங்கள்.

நம் ஊர்களில் இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் சட்டமல்ல, முகத்தாட்சணியம். வகுப்பு நடத்துபவர் தெரிந்தவராக, ஜமாஅத்தில் நாளும் காண்பவராக இருப்பார். சில ஆயிரம் ரூபாவுக்காக மனக்கசப்பு எதற்கு என்று விட்டுவிடுகிறோம். மாதச் சம்பளத்தில் மிச்சம்பிடித்துக் கட்டிய தாய்க்கு அது சிறிய தொகையல்ல. நிறுத்திய வகுப்புக்கான பணத்தைக் கேட்காமலே திருப்பிக் கொடுப்பவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அடுத்த முறை பிள்ளைகளை அவர்களிடமே அனுப்புவோம்.