பள்ளத்தூர் பாப்பா – 5: கவிஞர் கேட்ட வேடம்

போன வாரம் குழந்தையோடு ஒரு பெண்ணை நிறுத்திவிட்டுப் போய்விட்டேன். கருக்களாச்சேரியில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னை விடவில்லை. "அந்தப் பொண்ணு என்னதாம்ப்பா சொல்லுச்சு?"

சொல்கிறேன்.

அந்தப் பெண் மனோரமா. நடிக்க வரச்சொல்லிக் கேட்டவர் கவிஞர் கண்ணதாசன். படம் 'மாலையிட்ட மங்கை'. அவருடைய சொந்தத் தயாரிப்பு. காக்கா ராதாகிருஷ்ணனுக்கு ஜோடி.

நகைச்சுவை வேடம்!

மனோரமாவுக்கு நெஞ்சு படபடத்தது. இருக்காதா? எஸ்.எஸ்.ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் பேரெடுத்தவர். மேடையில் அழுதால் கொட்டகையே அழும். சினிமாவில் ஒருமுறை சிரிப்புக்காரி என்று பேர் விழுந்துவிட்டால், அப்புறம் கதாநாயகி வேடத்துக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்?

ஒரு பழைய காயமும் இருந்தது. கதாநாயகியாக அவர் ஒப்புக்கொண்ட இரண்டு படங்கள் பாதியில் நின்றுபோயிருந்தன. அதில் ஒன்று கவிஞரே தொடங்கிய 'ஊமையன் கோட்டை'. அந்தக் குறை கவிஞர் மனத்தை உறுத்தியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். பள்ளத்தூரும் சிறுகூடல்பட்டியும் ஒரே செட்டிநாட்டு மண் அல்லவா?

வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஆனால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? தாய் ராமாமிர்தம். கணவன் கைவிட்டதால் மன்னார்குடியிலிருந்து மகளைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தூருக்கு வந்து, வீட்டு வேலை செய்து வளர்த்தவர். மகளுக்கும் அதே விதி. குழந்தை பிறந்த கொஞ்ச நாளிலேயே கணவர் பிரிந்துவிட்டார். இரண்டு தலைமுறைக் கண்ணீர் அந்த வீட்டில். பால் வாங்கவும் காசு வேண்டும்.

கவிஞர் சொன்னதைப் பிற்காலத்தில் மனோரமாவே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கதாநாயகி என்றால் மூன்று, நான்கு வருடம்தான். அப்புறம் ஒதுக்கிவிடுவார்கள். நகைச்சுவை என்றால் காலமெல்லாம் நிற்கலாம்.

இருபது வயதுப் பெண்ணுக்குக் காலமெல்லாம் என்பது எவ்வளவு தூரத்துப் பேச்சு! அவருக்குத் தெரிந்தது அன்றைய பொழுதும் குழந்தையும்தான்.

சரி என்றார்.

1958. படம் வந்தது. கொட்டகை சிரித்தது. 1963-இல் 'கொஞ்சும் குமரி'யில் கதாநாயகி ஆசையும் நிறைவேறியது. ஆனாலும் தமிழ்நாடு அவரை வைத்துக்கொண்டது கவிஞர் காட்டிய இடத்தில்தான். ஆயிரம் படங்களைத் தாண்டிய கணக்கு அங்கே தொடங்கியது.

அந்த முதல் படத்துக்குப் பிறகு பத்து வருடம் ஓடியது.

இப்போது நம்மூர்ப் பக்கம் வாருங்கள். கருக்களாச்சேரியிலிருந்து கிளம்பி, நாகூர் தாண்டி, நாகை தாண்டினால் சிக்கல். 'விகட'னில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடரில் அந்த ஊர்ப் பேரோடு ஒரு நாயனக்காரர் வருவார். வாரா வாரம் தமிழ்நாட்டையே காத்திருக்க வைத்தவர். சிக்கல் சண்முகசுந்தரம். அந்தக் கதையை ஏ.பி.நாகராஜன் படமாக்கினார். 'தில்லானா மோகனாம்பாள்'.

மனோரமாவுக்கு ஒரு வேடம். ஜில் ஜில் ரமாமணி. நாடகக்காரி!

பன்னிரண்டு வயதிலிருந்து வாழ்ந்த வாழ்க்கை. பவுடர் வாசனை, ஆர்மோனியம், கொட்டகை. நடிக்கவே வேண்டாம், நினைத்துக்கொண்டால் போதும்.

அப்புறம் ஏன் தயங்கினார்?

எதிரே நிற்பவர்களைப் பாருங்கள். சிவாஜி. பத்மினி. பாலையா. நாகேஷ். ஒவ்வொருவரும் ஒரு யானை. இந்தக் கூட்டத்தில் தன்னை யார் பார்ப்பார்கள் என்ற பயம். நாகராஜன் தைரியம் சொன்னார். துணிந்து நடி என்றார்.

காட்சி இதுதான். ரமாமணி சண்முகசுந்தரத்தை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். சிவாஜி நாயனத்தை உதட்டில் வைக்கிறார். கன்னம் உப்புகிறது. கண் செருகுகிறது. வாசித்து முடித்து நிமிர்கிறார்.

இனி பேச வேண்டியது ரமாமணி.

(தொடரும்)