அல்-கலீ: ஒரு சொல்லின் ஸனதைத் தேடி

மீலாது மேடைகளிலும் கல்வி விழாக்களிலும் நாம் பெருமையோடு எடுத்துரைக்கும் செய்திகளுள் ஒன்று, கந்தக அமிலத்தையும் நைட்ரிக் அமிலத்தையும் உலகுக்குத் தந்தவர் ஜாபிர் இப்னு ஹய்யான் என்பதாகும். நானும் பல்லாண்டுகள் அதைச் சொல்லி வந்தவனே. ஒருநாள் வகுப்பில் மாணவர் ஒருவர் எழுந்து, "ஹஸ்ரத், அந்தச் செய்முறை ஜாபிருடைய எந்தக் கிதாபில், எந்த இபாரத்தில் வருகிறது?" என்று கேட்டார். ஹதீஸுக்கு ஸனத் கேட்கும்படி அவரைப் பழக்கியவன் நானே ஆதலால், அக்கேள்வியைத் தட்டிக்கழிக்க என்னால் இயலவில்லை. தேடியபோது கிடைத்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

பாலைச் செடியின் சாம்பல்

ஐயத்திற்கு இடமின்றி நமக்குரியதை முதலில் காண்போம். நீரில் கரையும் காரத்தை ஐரோப்பிய மொழிகள் 'அல்கலி' என்கின்றன. அது அரபியின் 'அல்-கலீ' என்னும் சொல்லே. அகராதிகள் இதனைக் 'கில்யு' என்றும் பதிவு செய்துள்ளன. உவர்நிலச் செடிகளை எரித்துப் பெறும் சாம்பலுக்கு அது பெயர். தாவரவியல் அறிஞர் அபூஹனீஃபா அத்-தீனவரீ (நம் ஃபிக்ஹு இமாம் அல்லர், 9ஆம் நூற்றாண்டினர்) கூறியதாக 'லிஸானுல் அரப்' அகராதி தரும் விளக்கம் சுவையானது. கில்யு 'ஹம்ழ்' செடிகளிலிருந்து எடுக்கப்படுகிறது, அவற்றுள் 'ஹுருழ்' என்னும் செடியிலிருந்து எடுப்பதே சிறந்தது என்பது அதன் கருத்து.

ஹம்ழ் என்பது ஒட்டகம் விரும்பி மேயும் உப்புச்சுவைச் செடிவகை. இன்றைய அரபு வேதியியலில் அமிலத்திற்கு வழங்கும் 'ஹிம்ழ்' என்ற சொல்லும் இதே வேரைச் சார்ந்தது. அமிலத்தின் பெயரும், காரம் தந்த செடியின் பெயரும் அரபியில் ஒரே மூலத்தில் நிற்பதைக் காண்கிறோம்.

ஹுருழுக்கு உஷ்னான் என்றும் பெயருண்டு. கைகழுவவும் துணி வெளுக்கவும் பயன்பட்ட பொருள் அது. ஷாஃபிஈ ஃபிக்ஹு ஓதியோருக்கு இச்சொல் புதிதன்று. நாய் வாய்வைத்த பாத்திரத்தைக் கழுவும்போது மண்ணுக்குப் பதிலாக உஷ்னானோ சோப்போ போதுமா என்னும் விவாதத்தில் அதனைச் சந்தித்திருப்பர். நாம் சட்டப் பாடமாக ஓதிக் கடந்த சொல்லுக்குள் வேதியியல் வரலாறு ஒன்று உறைந்திருக்கிறது.

ராஸீயின் கூர்ந்த நீர்

இச்சாம்பலை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டு சென்றவர்களுள் தலையாயவர் அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்-ராஸீ (865–925). அவருடைய 'கிதாபுல் அஸ்ரார்' மறைபொருள் பேசும் நூலன்று. கருவிகள், பொருள்கள், செய்முறைகள் ஆகியவற்றை ஒழுங்குபடக் கூறும் கைந்நூல் அது. கனிமப் பொருள்களை அவர் ஆவிகள், உலோகங்கள், கற்கள், துத்தங்கள், வெங்காரங்கள், உப்புகள் என ஆறாகப் பகுத்தார். 1937இல் யூலியுஸ் ருஸ்கா இந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து வெளியிட்டார்.

பொருள்களைக் கரைக்கவல்ல 'கூர்ந்த நீர்'களைப் பற்றி ராஸீ கூறும்போது, கலீயையும் நீற்றாத சுண்ணாம்பையும் சேர்த்து நீரில் ஊறவிட்டு வடிக்கவும், வடித்த நீரில் அவற்றை மீண்டும் மீண்டும் இட்டு வலுவேற்றவும் சொல்கிறார். இன்றைய அறிவைக் கொண்டு நோக்கினால் இங்கு நிகழ்வது தெளிவாகும். உவர்நிலச் செடிச் சாம்பலின் முதன்மைச் சத்து சோடியம் கார்பனேட். நீரில் அது சோடியம் அயனியாகவும் கார்பனேட் அயனியாகவும் பிரிகிறது. சுண்ணாம்பிலிருந்து வரும் கால்சியம் அயனி கார்பனேட்டைப் பற்றிக்கொண்டு வெண்மண்டியாய் அடியில் படிகிறது. மேலே நிற்கும் தெளிநீரில் சோடியமும் ஹைட்ராக்சைடும் எஞ்சுகின்றன. அதுவே எரிசோடாக் கரைசல். ராஸீ அயனிகளை அறியார். அறிந்ததாக நாம் சொல்லவும் கூடாது. ஆனால் மென்மையான காரத்தை வன்மையானதாக மாற்றும் செய்முறையை அவர் ஐயமறப் பதிந்து வைத்தார்.

அமிலங்களின் ஸனத்

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். ஜாபிர் பெயரால் வழங்கும் நூல்கள் பல நூறு. அவர் இருந்ததையே சிலர் மறுத்ததை இப்னு நதீம் தம் 'ஃபிஹ்ரிஸ்த்'தில் (987) குறிப்பிட்டு, அம்மறுப்பைத் தாம் ஏற்கவில்லை என்கிறார். 1940களில் பவுல் கிராவுஸ், அந்நூல்கள் ஒருவரால் அன்றி ஒரு குழுவினரால் பிற்காலத்தில் எழுதப்பட்டவை என வாதிட்டார். ஃபுஆத் ஸெஸ்கின் அதனை மறுத்தார்.

நைட்ரிக் அமிலச் செய்முறை தெளிவாகக் காணப்படுவதோ 'கெபர்' என்ற பெயரில் 1300ஐ ஒட்டியும் அதன் பின்னும் வழங்கிய லத்தீன் நூல்களில். கெபர் என்பது ஜாபிரின் லத்தீன் வடிவம். ஆயினும் அந்நூல்கள் அரபியிலிருந்து பெயர்த்தவை அல்ல என்பதே 1893இல் பெர்த்தலோ காலந்தொட்டுப் பெரும்பாலான ஆய்வாளர் முடிவு. அஹ்மத் யூசுஃப் அல்-ஹஸன் (1925–2012) அரபு மூலங்களை எடுத்துக்காட்டி மாறுபட்டார். விவாதம் முற்றுப்பெறவில்லை. ஸனதில் இவ்வளவு பேச்சு இருக்கும் ஒரு செய்தியை நாம் முதவாத்திர் போல மேடையில் முழங்கி வந்திருக்கிறோம்.

கலீயின் பயணம்

ஸனத் உறுதியான கலீயோ தொடர்ந்து பயணம் செய்தது. 1807இல் ஹம்ஃப்ரி டேவி, உருக்கிய சாம்பற்காரத்தில் மின்சாரத்தைச் செலுத்தி ஓர் உலோகத்தைப் பிரித்தார். ஜெர்மானியர் அதற்கு இட்ட 'காலியம்' என்ற பெயர் கலீயிலிருந்து வந்தது. தனிம அட்டவணையில் பொட்டாசியத்தின் குறியீடு 'கே' என்றிருப்பதன் காரணம் இதுவே. 1884இல் உப்சாலாப் பல்கலைக்கழகத்தில் ஸ்வாந்தே அர்ரீனியஸ் கரைசல்களின் மின்கடத்தலைப் பற்றி அளித்த ஆய்வேடு தாழ்ந்த மதிப்பெண்ணே பெற்றது. கரைந்த உப்பு அயனிகளாகப் பிரிகிறது என்ற அவருடைய கொள்கைக்கு 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. நீரில் ஹைட்ரஜன் அயனி தருவது அமிலம், ஹைட்ராக்சைடு அயனி தருவது காரம் என்று பள்ளியில் படிக்கும் இலக்கணம் அவர் வழி வந்தது.

இதில் ஒரு வியப்பு உண்டு. சோடியம் கார்பனேட்டின் அமைப்பில் ஹைட்ராக்சைடு இல்லை. ஆகவே அல்கலி என்ற பெயரைத் தந்த அச்சாம்பற் சத்தே அர்ரீனியஸின் இலக்கணத்துக்குள் நேரே அடங்கவில்லை. 1923இல் பிரான்ஸ்டெட்டும் லவுரியும், ஹைட்ரஜன் அயனியை ஏற்பது எதுவோ அதுவே காரம் என்று தனித்தனியே வரையறுத்த பின்னரே அது முறையாக உள்ளே வந்தது. கார்பனேட் அயனி நீரிலிருந்து ஹைட்ரஜன் அயனியை ஏற்று, ஹைட்ராக்சைடை விட்டுவைக்கிறது.

அந்த மாணவருக்கு நான் இறுதியில் சொன்ன விடை இதுதான்: "அமிலத்தின் இபாரத் என்னிடம் இல்லை. கலீயின் இபாரத் இருக்கிறது. வாருங்கள், அதை ஓதுவோம்." அன்று முதல் மேடையில் நான் ஜாபிரின் அமிலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. ராஸீயின் சாம்பலைப் பற்றிப் பேசுகிறேன். முன்னோர் மீது இல்லாததை ஏற்றிச் சொல்வது அவர்களுக்குச் செய்யும் கண்ணியம் ஆகாது. உள்ளதை ஓதி அறிந்து சொல்வதே அவர்களுடைய அமானிதத்தைப் பேணுவதாகும்.